துடக்கோடு ஏறிய மலை

எனக்கு லிப்ட் திருத்துவது தொழில். லண்டனுக்கு வந்த மூன்றாம் வருஷம் தொடங்கியது. 2009இல் பதினேழு வருஷமாகியிருந்தது. ஆட்கள் பெட்டிக்குள் நின்று, கண்ணாடியில் தலைமயிரைச் சரிபண்ணிக்கொண்டு மேலே போவார்கள். நான் அந்தப் பெட்டியின் கூரைமேல் நிற்பேன், அல்லது அடிக்குழிக்குள் கிரீஸோடு கிடப்பேன். லிப்ட் ஓடினால் என்னை ஒருவரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால் மட்டும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். எனக்கு இதில் மனக்குறை ஒன்றுமில்லை. முகம் காட்டாமல் உழைப்பது என் சுபாவத்துக்கு ஒத்துவருகிற விஷயம்.

அந்த ஒக்டோபர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, டூட்டிங்கில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில், பெட்டியின் கூரையில் டோர்ச்சைக் கடைவாயில் கடித்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. அந்த இருட்டுக் குழாய்க்குள் சிக்னல் வருவதே அபூர்வம். இலங்கை நம்பர். வவுனியாவிலிருந்து ஒரு இளம் குரல்.

"அண்ணை, நீங்கள் என்னை அறியமாட்டியள். முகாமிலை இருந்து போன கிழமைதான் விட்டவங்கள். உங்கடை நம்பரை உங்கடை அண்ணை எழுதித் தந்தவர்."

என் அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவர். கல்யாணம் கட்டாதவர். வன்னியில் டிராக்டர் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். ஜனவரிக்குப் பிறகு அவருடைய குரலை நாங்கள் கேட்கவில்லை. மே மாதத்தில் எல்லாம் முடிந்து, முகாம்களிலிருந்து பெயர்கள் வரத் தொடங்கியபோது, வந்த ஒவ்வொரு பட்டியலையும் விரலை வைத்து வைத்துப் பார்த்தோம். அவருடைய பெயர் ஒன்றிலும் இல்லை. இல்லை என்பதற்கு எத்தனையோ அர்த்தம் இருக்கலாம் என்று எங்களுக்குள்ளே சொல்லிக்கொண்டோம்.

"நான் அவரோடை கடைசி மட்டும் நிண்டனான்," என்றது குரல். "நானும் இன்னொரு ஆளும் தான் அவரை அடக்கம் செய்தனாங்கள்."

நான் சொன்னேன்: "தம்பி, லைன் விட்டு விட்டு வருது. பிறகு எடுக்கிறன்."

லைனில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, கழற்றிய பூட்டுகளை மாட்டி, பெட்டியை மூன்று தரம் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, பதிவுக் கொப்பியில் கையெழுத்து வைத்தேன். அப்பர் டூட்டிங் ரோட்டில் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக்கடையில் ஒரு கொத்துரொட்டியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பசித்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் அம்மா.

சமாதானம் என்று சொன்ன காலத்தில் அண்ணன்தான் அம்மாவைக் கொழும்புவரை கூட்டிவந்து லண்டனுக்குப் பிளேன் ஏற்றிவிட்டவர். அம்மா ஹரோவில் எங்களோடு இருந்தார். அந்த வருஷம் முழுவதும், வெள்ளிக்கிழமையென்றால் இரண்டு பஸ் மாறி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போவார். "பெரியவன்ரை உயிரைத் தா" என்பதைத் தவிர அவரிடம் வேறு பிரார்த்தனை இருக்கவில்லை. தேர்த்திருவிழாவில் எழுபத்துமூன்று வயதில் கற்பூரச்சட்டி ஏந்தினார். நெருப்பு எரிகிற மண்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெஸ்ட் ஈலிங் தெருவில் வெறுங்காலோடு அவர் நடந்தபோது, பொலிஸ்காரர் ஒருவர் பக்கத்திலேயே தண்ணீர்ப் போத்தலோடு நடந்துவந்தார். அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

எங்களில் ஒரு சாவு நடந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசலை மிதிப்பதில்லை. வீட்டில் சாமிக்கு விளக்கேற்றுவதில்லை. நான் வாயைத் திறந்தால் அந்தக் கணமே அம்மாவுக்குத் துடக்கு. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை, வெள்ளிக்கிழமை போய்க் கேட்பது, என் ஒரு சொல்லோடு நின்றுவிடும்.

இன்னொரு நியாயமும் கண்டுபிடித்தேன். துடக்கு சாவோடு தொடங்குவதில்லை. அதைக் கேட்ட காதோடு தொடங்குகிறது. தூரதேசத்துச் செய்தி ஆறு மாதம் பிந்தி வந்தாலும் கேட்ட நாளிலிருந்துதான் எண்ணுவோம். ஆகவே அம்மாவுக்குத் துடக்கு இல்லை; எனக்கு மட்டும்தான். கோர்ட்டில் நின்று வாதாடுகிறவன்போல இதை என் மண்டைக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை அம்மாவைக் காரில் கோயிலடிக்குக் கொண்டுபோனபோது நான் உள்ளே போகவில்லை. பார்க்கிங் இல்லை என்று சொல்லி அவரை இறக்கிவிட்டு, இரண்டு தெரு தள்ளிக் காருக்குள்ளேயே இருந்தேன். அர்ச்சனை முடித்து வந்தவர் திருநீற்றை நீட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை நான் எடுக்கவில்லை.

"கை கிரீஸ், அம்மா. பிறகு பூசுறன்."

"நெத்தியிலை கிரீஸ் இல்லைத்தானே," என்றார். திருநீற்றுக் கடதாசியை மடித்து வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த ஞாயிறு நான் ஜப்பானுக்குப் பறந்துவிட்டேன். எங்கள் கொம்பனி புதுவகை லிப்ட் ஒன்றை எடுத்திருந்தது; அதைப் பழக இரண்டு கிழமைக்கு மேல் பயிற்சி. முன்பே ஒழுங்கு செய்த பயணம்தான். ஆனால் பிளேன் எழும்பியபோது, தப்பி ஓடுகிறவனுக்கு வருகிற சந்தோஷம் எனக்கு வந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

ஜப்பானில் நாட்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல நடந்தன. நித்திரை வரவேண்டிய நேரத்தில் விழிப்பும், விழித்திருக்கவேண்டிய நேரத்தில் மயக்கமும். பயிற்சிக்கூடத்தில் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடுகள் மெல்ல நகரும். ஒருவரும் உரக்கப் பேசாத ஊர். ரயிலில் நூறு பேர் நின்றாலும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். என்னிடம் தமிழில் கேள்வி கேட்க ஆளில்லை. பொய் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. இப்படியே இருந்துவிடலாம் என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

மனைவிக்கு ஹரோவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இரண்டாவது கிழமை லீவு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அம்மாவுக்குத் துணையாக எங்கள் மகள் வீட்டில் நின்றாள். பயிற்சி முடிந்த மறுநாள், எனக்கு வேலை பழக்கிய ஜப்பானியப் பொறியாளர் எங்கள் இருவரையும் ஒரு மலைக்குக் கூட்டிப்போனார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. என் இங்கிலீஷும் அவருடைய இங்கிலீஷும் ஒரே அளவுக்கு முறிந்தது. அதனால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. மலையுச்சியில் ஒரு பழைய கோயில் இருக்கிறதென்றும், ரோப்வேயில் போகலாமென்றும், ஒரு லிப்ட்காரன் அதைப் பார்க்காமல் போனால் பிழையென்றும் சொன்னார்.

மனைவிக்குக் கடவுள்களில் பாரபட்சம் இல்லை. மாதாகோயிலோ விகாரையோ, எது கண்டாலும் செருப்பைக் கழற்றிவிடுவாள். காலையிலேயே தலைக்கு முழுகி, சூட்கேசில் கசங்கிக் கிடந்த சேலையை எடுத்து உடுத்தி, மேலே தடித்த கோட் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள். நானும் பின்னால் வெளிக்கிட்டேன். இது ஜப்பான்காரருடைய சாமி, என் வீட்டுச் சங்கதி அவருக்குத் தெரியப்போவதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அடிவாரத்து நிலையத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் எங்களை வணங்கி உள்ளே ஏற்றினாள். முப்பது பேர் நிற்கக்கூடிய பெட்டி. நாலு பக்கமும் கண்ணாடி. நான் வழக்கம்போல முதலில் மேலே பார்த்தேன். பெட்டியைத் தாங்குகிற தடித்த கம்பி அசையாமல் கிடக்கிறது. இழுக்கிற கம்பி வேறு. ஒரு பெட்டி கீழே இறங்க, அந்தப் பாரத்தில் மற்றது மேலே வரும். லிப்டிலும் இதே கணக்குத்தான், அங்கே மற்றப் பக்கத்தில் இரும்புக் கட்டு தொங்கும். இங்கே இரண்டு பக்கமும் மனிதர்கள்.

மணி ஒன்று அடித்து, பெட்டி தரையைவிட்டு நழுவியது. சத்தமே இல்லை. காலுக்குக் கீழே மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக இறங்கிப் போயின. இலை உதிர்க்கிற காலம். காற்றில் ஒரு மரம் அசைந்தால் பக்கத்து மரமும் அசைந்தது. மலையே மெல்லத் திரும்பிப் படுக்கிறது என்று தோன்றியது. ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு சொல்லும் விளங்காததால் அது எனக்குத் தாலாட்டாக இருந்தது.

நடுவழியில் மேகம் வந்தது. முதலில் மரங்கள் போயின. பிறகு முன்னால் கம்பி போனது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. பெட்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. எனக்கு மட்டும் காதால் தெரிந்தது: தலைக்கு மேலே சில்லுகள் ஒரே சீராக உருண்டுகொண்டிருந்தன. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மனைவி என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு நாட்களில் முதல் தடவையாக எனக்கு நெஞ்சுக்குள் பாரம் இல்லாமல் இருந்தது. அந்த வெள்ளைக்குள் ஒருவரும் செத்திருக்கவில்லை, ஒருவரும் தப்பியிருக்கவில்லை.

அப்போதுதான் எதிர்ப்பெட்டி வந்தது. மேகத்துக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சமாக முளைத்து, பெரிதாகி, எங்கள் பக்கத்தால் ஓசையில்லாமல் கீழே போனது. கண்ணாடிக்குள் நின்றவர்கள் எங்களுக்குக் கையசைத்தார்கள். எங்கள் பக்கத்தவர்களும் அசைத்தார்கள். நானும் கையைத் தூக்கினேன், தூக்கிய கையை இறக்க மறந்துபோனேன். அவர்கள் இறங்குவதால் நாங்கள் ஏறுகிறோம். அப்பாவின் காணியையும் அம்மாவையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, இருபது வருஷத்துக்கு முன் அண்ணன் என்னை வெளியே அனுப்பியபோது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பயணத்துக்குத்தான் வழி இருந்தது. அவர் நின்றார், நான் வந்தேன். இவ்வளவு காலம் இதை ஒரு சாதாரண குடும்ப விஷயம் என்றுதான் எண்ணியிருந்தேன். எதிர்ப்பெட்டி வெள்ளைக்குள் கரைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். தூண் ஒன்றைக் கடந்தபோது பெட்டி குலுங்கியது, ஆட்கள் சிரித்தார்கள்.

உச்சியில் மேகம் தரையோடு படுத்திருந்தது. நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் கல்லுப்பாதை. இரண்டு பக்கமும் பாசி பிடித்த கல்விளக்குகள். எங்கேயோ தண்ணீர் சொட்டியது. பாதை முடிகிற இடத்தில் வாசல் தெரிந்தது: கதவில்லை, மதிலில்லை, இரண்டு சிவப்புத் தூண், மேலே குறுக்காக இரண்டு மரம், அவ்வளவுதான். அதற்கு அப்பால் படிகள் ஏறி மேகத்துக்குள் போய்விட்டன. யாரோ உள்ளே இரண்டு தரம் கை தட்டுவது கேட்டது. அப்படித்தான் அங்கே கும்பிடுவார்களாம்.

மனைவி பக்கத்துத் தொட்டியில் அகப்பையால் தண்ணீர் மொண்டு கையும் வாயும் கழுவி, அந்த வாசலுக்குள் நுழைந்து நாலு படி ஏறினாள். நான் பின்னால் போகத்தான் எண்ணினேன். தூணடிக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

நான் பக்திமான் அல்ல. அந்த வருஷம் கடவுளோடு எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவருக்கு நான் ஏன் மரியாதை கொடுக்கவேண்டும் என்று கேட்கிற கோபம் எனக்கு இருந்தது. ஆனாலும் கால் ஏறவில்லை. கதவில்லாத வாசல் ஒன்று ஒரு ஆளை இப்படி மறிக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால், ஜப்பானியரும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, சற்றுத் தள்ளி.

"நான் இங்கே நிற்கிறேன், நீங்கள் போங்கள்," என்றார். பிறகு விளக்கம் சொல்லவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார். "என் அம்மா போன மாதம் இறந்துவிட்டார். ஐம்பது நாள் முடியும்வரை நாங்கள் இந்த வாசலைத் தாண்டுவதில்லை. பழைய பழக்கம்."

இரண்டு கிழமைக்கு மேலாகத் தினமும் பக்கத்தில் நின்று எனக்கு வேலை காட்டிய மனிதர். மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறோம். தாயைப் புதைத்தோ எரித்தோ ஒரு மாதம்கூட ஆகாதவர் என்பது எனக்குத் தெரியாது. நானும் அவருக்குச் சொல்லவில்லையே. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார்.

"உங்களுக்கும்?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். அவருக்குத் தமிழ் விளங்காது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. "என்னுடைய அண்ணன்," என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் குனிந்து வணங்கினார். மிகத் தாழ்வாக, நீண்ட நேரம். நானும் வணங்கினேன். அதை எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியாது, குனிந்தேன், அவ்வளவுதான்.

நான் நிமிர்ந்தபோது மனைவி நாலாம் படியில் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருந்தது. கேட்டிருக்காவிட்டாலும் ஒன்றுதான், கோயில் வாசலில் நான் வெளியே நிற்கிற நிற்பையே அவள் படித்துவிட்டாள். அவள் முதலில் செய்தது படியிறங்கி வெளியே வந்தது. கேட்ட காதுக்குத் துடக்கு. அவள் உள்ளே நிற்கக்கூடாது. அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"எப்ப தெரியும்?"

"இருவத்திரண்டு நாள்."

"ஆர் சொன்னது?"

"அடக்கம் செய்த பொடியன். போனிலை."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் நின்றவருக்காகக் குரலை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துச் சொன்னாள்.

"இருவத்திரண்டு நாள் இதை வைச்சுக்கொண்டு எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்? எப்பிடிப் படுத்தனீங்கள்? மாமி அங்கை ஒவ்வொரு வெள்ளியும் போய் உயிர்ப்பிச்சை கேட்டுக்கொண்டு நிக்கிறா. இல்லாத உயிருக்கு. அவவைப் பாத்துக்கொண்டு இருக்க உங்களுக்கு ஏலுமா இருந்ததோ?"

"சொன்னால் அவ கேக்கிறதையும் விட்டிடுவா."

"விடட்டும். பெத்தவ அழவேண்டிய அழுகையை மறிச்சு வைக்க நீங்கள் ஆர்?"

மூன்று பேரும் அந்த வாசலுக்கு வெளியே ஈரக்கல்லில் இருந்தோம். ஆட்கள் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள், வந்தார்கள். மேகம் எங்கள் மடியில் ஏறி இறங்கியது. ஜப்பானியர் ஒரு பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். சீனியில்லாத பச்சைத் தேத்தண்ணீர். கசந்தது. மனைவி குடிக்கும்போதுதான் அழத் தொடங்கினாள், அண்ணனை அவள் கல்யாணத்துக்கு முந்தியே அறிவாள். ஜப்பானியர் அவளைப் பார்க்காமல் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். எவ்வளவு நேரம் இருந்தோம் என்பது தெரியாது. அந்த மலையில் நேரம் என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகமில்லை. சாமியை நாங்கள் பார்க்கவில்லை.

இறங்கும்போது மனைவி சொன்னாள்: "வெள்ளி காலமை போய் இறங்குறம். அவ கோயிலுக்கு வெளிக்கிட முதல் சொல்லவேணும். நீங்கள்தான் சொல்லவேணும்."

"ஓம்."

"சாட்டுச் சொல்லாதையுங்கோ."

மலிவு டிக்கட், வளைகுடா வழியாகச் சுற்றிவந்தோம். ஹீத்ரோவில் மழை. ஹரோ வீட்டு வாசலில் டாக்சி நின்றபோது பத்து மணி. அம்மா அரக்குச் சேலையும் அதன்மேல் மகளின் குளிர்ச்சட்டையுமாக, அர்ச்சனைக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் வருவதைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போகலாமென்று குசினிக் கதிரையில் இருந்தார். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

"வந்திட்டியளோ? மெலிஞ்சு போனாய். அங்கை சோறில்லையோ?" என்றார்.

நான் சூட்கேசை வைத்துவிட்டு அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். பிளேனில் பதினெட்டு மணித்தியாலம் ஒத்திகை பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை.

"அம்மா, இண்டைக்குக் கோயிலுக்குப் போகேலாது," என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். கூடையை மெதுவாக மேசையில் வைத்தார். பூவும் தேசிக்காயும் வெளியே தெரிந்தன. அவற்றின்மேல் துணியை இழுத்து மூடினார்.

"என்ன திதி?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. எல்லாக் கேள்விக்கும் நான் ஆயத்தமாக வந்திருந்தேன், இதற்கு மட்டும் இல்லை.

"திதி தெரியாமல் எப்பிடித் திவசம் குடுக்கிறது? எண்டைக்கு எண்டு கேட்டனியோ?"

கேட்கவில்லை. ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் நின்று போனை வைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். லைன் நன்றாக இருந்ததையும், கொத்துரொட்டியையும்கூட. அம்மா திட்டவில்லை. "அந்தப் பிள்ளையை எடு," என்று மட்டும் சொன்னார்.

வவுனியாவில் பின்னேரம் நாலு மணியாக இருந்திருக்கவேண்டும். முதல் அடியிலேயே எடுத்தான். நான் வாய்திறக்க முந்தி, "அண்ணை, நீங்கள் எடுப்பியள் எண்டு தெரியும்," என்றான். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். அம்மா குனிந்து அதற்குள் பேசினார்.

"தம்பி, நான் தாய். எண்டைக்கு நடந்தது, மோனை?"

"திகதி தெரியாதம்மா. அங்கை திகதியள் இல்லை." கொஞ்சம் யோசித்தான். "ஆனால் நிலவு தெரியும். சண்டை முடியிறதுக்குக் கொஞ்சம் முதல் வந்த பூரணை கழிஞ்சு நாலாம் நாள். நிலவு வர முதல் இருக்கிற இருட்டுக்குள்ளைதான் பங்கரை விட்டு வெளியிலை வரலாம். அதாலை ஒவ்வொரு நாளும் நிலவை எண்ணிக்கொண்டு இருந்தனாங்கள். அண்டைக்கு இருட்டு நல்லாக் கிடைச்சது. கிடங்கு வெட்டி முடிய நிலவு வந்தது."

அம்மா எழுந்தார். சுவரில் தொங்கிய கலண்டர் தமிழ்க்கடையில் தந்தது. திதி நட்சத்திரம் எல்லாம் போட்டிருக்கும். ஆறு தாள்களைப் பின்னால் புரட்டி மே மாதத்துக்குப் போனார். பூரணையில் விரலை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அந்தக் கட்டத்தில் விரலை எடுக்காமல் நின்றார்.

"அபரபக்கச் சதுர்த்தி," என்றார், தேய்பிறை நாலாம் நாளை. மனைவியிடம் பேனை வாங்கி ஒரு வட்டம் போட்டார். பட்டியல்களிலெல்லாம் நாங்கள் தேடிய ஆள் அந்த வட்டத்துக்குள் இருந்தார்.

திரும்பிவந்து மறுபடி போனுக்குக் குனிந்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் பிறகு முழுகினனீங்களோ, தம்பி?"

சாவைத் தொட்ட கை முழுகாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. அம்மாவுக்கு அதுதான் கவலை.

"இல்லை, அம்மா," என்றான். "குடிக்கவே தண்ணி இல்லை. மண்ணாலை கையைத் தேய்ச்சுப்போட்டு இருந்தனாங்கள்."

அம்மாவின் முகம் அப்போதுதான் உடைந்தது. மகன் செத்ததற்கு அசையாமல் நின்றவர், அந்த இரண்டு பேருடைய முழுகாத கைகளுக்காக அழுதார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கதிரையில் முன்னும் பின்னும் ஆடி ஆடி அழுதார். போனுக்குள் அந்தப் பொடியனும் அழுதான். நான் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எழும்பு. போய் முழுகு. அந்தப் பிள்ளையளுக்கும் சேர்த்து முழுகு."

மேலே போய் உடுப்போடேயே தண்ணீருக்குக் கீழே நின்றேன். இருபத்துநாலு நாள் நான் அழவில்லை. அன்றைக்குத் தலைமேல் தண்ணீர் கொட்ட, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, என் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சின்ன வயதில்கூட அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு கதவில் தட்டுக் கேட்டது. அம்மா.

"தம்பி, சுடுதண்ணியை முழுக்க முடிச்சுப்போடாதை. நானும் முழுகவேணும்."